தாம்பரம் புத்தகத்தில் 16 பக்கங்கள் இல்லை: மாற்றுப் பிரதி கேட்டுப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

அன்புடையீர், வணக்கம்.

தாம்பரம் ரயில் நிலையம் வளர்ந்த கதையைச் சொல்லும் உங்கள் புத்தகத்தை ரூ. 850 கட்டி வரவழைத்தேன். 64-ஆம் பக்கத்துக்குப் பின் மறுபடியும் 49 முதல் 64 வரை வருகிறது. அடுத்து நேராக 81. பைண்டிங்கில் ஒரு பாரத்தை, அதாவது 16 பக்கத் தாள் மடிப்பை, இரண்டு தடவை வைத்து, இன்னொன்றை விட்டுவிட்டார்கள்.

போன் செய்தபோது உங்கள் அலுவலகத்தில், "16 பக்கம்தானே சார், மற்றதெல்லாம் படிக்கலாமே" என்றார்கள். அடுத்த புத்தகத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியும் தருவார்களாம். எனக்குத் தள்ளுபடி வேண்டாம்.

64-ஆம் பக்கம் 1931-இல் நிற்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில், மின்சார ரயில் ஓடத் தொடங்கிய வருடம் அது. 81-ஐத் திறந்தால் 1967. ரயிலை ஓட்டும் மின்சாரம் 1,500 வோல்ட் டி.சி. (நேர் மின்னோட்டம்) போய் 25,000 வோல்ட் ஏ.சி. (மாறு மின்னோட்டம்) ஆகிவிட்டது. பட்டணத்தில் வேலை, தாம்பரத்தில் வீடு என்று சாதாரணக் குடும்பங்கள் வாழ முடிந்தது நடுவில் உள்ள இந்த 36 வருடங்களில் ஓடிய வண்டியால்தான். பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் பெருகின. என் அப்பா அப்போது, மின்சார ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் தாம்பரம் கார் ஷெட்டில் ஃபிட்டர். புத்தகத்தின் முன்பக்கப் படப் பட்டியலில் 'கார் ஷெட் தொழிலாளர்கள், பக்கம் 72' என்று போட்டிருக்கிறீர்கள். அப்பா வேலையில் இருந்த காலத்துப் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த 72-ஆம் பக்கப் படத்தில் அவர் நிற்கிறாரா என்று பார்க்கத்தான் இந்தப் புத்தகத்தையே வாங்கினேன்.

சரி, மாற்றிக் கொடுங்கள் என்றால், மலைப்பகுதிக்கு வந்து திரும்ப எடுக்க ஆள் இல்லையாம். மேட்டுப்பாளையம் வந்து கொடுக்கச் சொல்கிறார்கள். குன்னூருக்குக் கொண்டுவந்து கொடுத்த கூரியர்காரர் எடுத்துப்போக மட்டும் வர மாட்டாரா? எனக்கு 74 வயது, முழங்கால் வலி வேறு.

இன்னொன்று. 2004-இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் நின்றதைச் சொல்லும் இடத்தில், தமிழ்நாட்டில் இன்று மீட்டர்கேஜே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. 1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் உதகைக்குப் போன எங்கள் மலை ரயில் மீட்டர்கேஜ்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் இன்றும் ஓடுகிறது. அதன் ஊதல் என் வீட்டு வாசலுக்குக் கேட்கும். அடுத்த பதிப்பில் திருத்துங்கள்.

முழுப் பிரதி ஒன்றை 15 நாளில் அனுப்பி, பழையதை உங்கள் செலவில் என் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கூடவே பைண்டிங் செய்த மற்றப் பிரதிகளிலும் இதே பிழை இருக்கலாம். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். ரசீதும் பக்கங்களின் படங்களும் இத்துடன் உள்ளன.

புத்தகம் வரத் தாமதமாகும் என்றால், 72-ஆம் பக்கத்தை மட்டும் இன்றே படமெடுத்து என் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்