மைதானத்தில் கொட்டிய ஜல்லியை அள்ளித் தரக் கோரி மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

அனுப்புநர்:
ரக்பி பழகும் பிள்ளைகளின் பெற்றோர்,
கோத்தகிரி வட்டம்.

பொருள்: எங்கள் பகுதி விளையாட்டு மைதானத்தில் சீசன் பார்க்கிங்குக்காகக் கொட்டப்பட்ட ஜல்லியையும் கண்ணாடித் துண்டுகளையும் அகற்றித் தரவும், பெற்றோருக்கான ரக்பி அறிமுக நாளுக்கு அரசு மருத்துவர் ஒருவரை அனுப்பி உதவவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்று தகவல் வந்தது. அனுப்பிய இடத்திலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. ஆகவே தங்கள் நேரடிக் கவனத்துக்கு இதை மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, வளைவு ரோட்டை ஒட்டி இருக்கும் மைதானம் அது. தாங்கள் கோத்தகிரிக்கு வரும்போதெல்லாம் காரிலிருந்தே பார்த்திருப்பீர்கள். மலையில் சமதரை எவ்வளவு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான்.

2. இங்கே பள்ளி விட்ட பிறகு ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ரக்பி பழகுகிறார்கள். ஹட்டி எனும் படகர் ஊர்ப் பிள்ளைகள் உண்டு, எஸ்டேட் லயன் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய அப்பா அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியும், ஃபுட்பால் தெரியும். ரக்பி என்றால் செல்போனில் பார்த்த, மாடு மாதிரி மோதிக்கொள்ளும் வெள்ளைக்காரர்கள்தான் கண்ணில் வருகிறார்கள். பல் போகுமா? காது கிழியுமா? பெண் பிள்ளைக்கு முகத்தில் தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது? கேட்பது நியாயம்தான். நானும் அங்கே ஆடும் ஒரு பெண்ணின் அப்பா, மாலையில் பயிற்சி கொடுப்பவனும் நான்தான். அடியே படாது என்று யாரிடமும் சொல்வதில்லை. வந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதற்காகத்தான் பெற்றோருக்கு அறிமுக நாள் வைக்கிறோம். முதலில் இடுப்பில் இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டி ஆடும் ஆட்டத்தைக் காட்டுவோம். அதில் ஆளைத் தொடவே வேண்டாம், ரிப்பனை உருவினால் போதும். சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும் என்றதும் அம்மாக்கள் சிரித்துவிடுவார்கள். அப்புறம் பெரிய பிள்ளைகளின் டேக்கிள், அதாவது பந்தோடு ஓடும் ஆளைப் பிடித்துச் சாய்ப்பது. தோளுக்கு மேலே பிடித்தால் தப்பு. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது. இதை நான் சொன்னால் பாதிப் பேர்தான் நம்புகிறார்கள். ஒரு அரசு டாக்டர் நின்று சொன்னால் கேட்பார்கள்.

3. இப்போது ஜல்லி விஷயம். ஏப்ரல், மே சீசனில் டூரிஸ்ட் வண்டிகள் சேற்றில் புதையக் கூடாது என்று மைதானத்தில் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டினார்கள். சீசன் முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்றார்கள். சரி என்றோம். வண்டிகள் போய்விட்டன, ஜல்லி போகவில்லை. வண்டியில் வந்தவர்கள் உடைத்துப்போட்ட பாட்டிலும் அதோடு கிடக்கிறது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் 2022-ல் நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. நல்ல திட்டம். முழு பாட்டில் கடைக்குப் போய்விடுகிறது, உடைந்ததை யாரும் வாங்குவதில்லை. அது எங்கள் பிள்ளைகளுக்கு.

ரக்பியில் ஆளைப் பிடித்துக் கீழே சாய்ப்பதுதான் ஆட்டம். நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே விழுவது. முட்டி போட்டு உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல் தோளைக் கொடுத்து உருள வேண்டும். சாயங்காலம் முழுக்க ஒரு பிள்ளை எத்தனை தடவை விழும் என்று எண்ணவே முடியாது. அதை ஜல்லியில் செய்யச் சொல்வதா? சேறு எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் புரண்டு வந்தாலும் துவைத்தால் போய்விடும். முட்டியில் ஏறிய ஜல்லித் தூள் துவைத்தால் போகுமா? ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து கண்ணாடி பொறுக்குகிறார்கள். பொறுக்கியதைப் போடுவதற்கென்றே ஒரு பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறோம்.

போன தடவை பெற்றோரைக் கூப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை, கிடைத்த ஒரு நாள் லீவை விட்டுவிட்டு வந்தார்கள். ரிப்பன் ஆட்டம் நன்றாகத்தான் போனது. ஒரு அம்மா கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ எடுத்தார். பச்சைக் கண்ணாடி, கட்டை விரல் நீளம். முந்தானையில் துடைத்து என் கையில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறிவிட்டார். நன்றாக ஓடுகிற பிள்ளை. அன்றைக்குப் பார்த்துவிட்டுப் போன மற்ற பெற்றோரிலும் பலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். செவன்ஸ் ஆட ஒரு பக்கத்துக்கு 7 பேர் வேண்டும், இப்போது எதிரணிக்கு ஆள் இல்லை. ஐயா, இந்த ஜல்லியை அள்ளித் தாருங்கள்.

4. நேரில் கேட்கப் போனபோது எங்களுக்குக் கிடைத்த பதில்களையும் எழுதிவிடுகிறேன். ‘ஃபுட்பால் பசங்க ஆடறாங்களே, உங்களுக்கு மட்டும் என்ன?’ ஃபுட்பாலில் விழுந்தால் அது தவறி விழுவது. மேலே எழுதிவிட்டேன், திரும்ப எழுதப் பொறுமை இல்லை. ‘ஊட்டிக்குப் போய் ஆடுங்க.’ பள்ளி விட்டுப் பஸ் பிடித்து ஊட்டி போய்த் திரும்பினால் இருட்டிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நடக்க வேண்டும். கரடி நிற்கும், காட்டுமாடு நிற்கும். இதைச் சொன்னவரும் இந்த மலையில்தான் குடியிருக்கிறார். ‘இது நம்ம ஊரு ஆட்டமா?’ கல்கத்தாவில் ரக்பி கிளப் கலைந்தபோது மிச்சமிருந்த வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்து 1878-ல் கொடுத்த கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் மோதுகின்றன. அதன் மூடியில் யானை இருக்கிறது. 2016 முதல் ஒலிம்பிக்கில் செவன்ஸ் உண்டு. இன்னும் என்ன வேண்டும்?

5. மைதானத்தில் உள்ள கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது. பெண் பிள்ளைகள் வருகிறார்கள்.

6. பெரிய ஸ்டேடியம் கேட்கவில்லை, கேலரி கேட்கவில்லை. ஜல்லியை அள்ளி, அரையடி மண் போட்டால் போதும். புல்லுக்குச் செலவே வேண்டாம். வேலி ஓரமெல்லாம் கிக்குயு புல் மண்டிக் கிடக்கிறது, வேரோடு எடுத்து நட்டால் பிடித்துக்கொள்ளும். நட நாங்களே வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். அனுமதி இல்லாமல் மைதானத்தில் கை வைக்கக் கூடாது என்றார்கள். ஜல்லி கொட்டியபோது யாரிடம் அனுமதி கேட்டார்கள் ஐயா? தாங்களும் அள்ளித் தர மாட்டீர்கள், எங்களையும் அள்ள விடமாட்டீர்கள் என்றால் நாங்கள் என்னதான் செய்வது?

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். தாங்கள் ஒரு தடவை மைதானத்தில் இறங்கி நடந்து பார்க்க வேண்டுகிறோம். அடுத்த சீசனுக்கு வண்டிகளை வேறு இடத்தில் நிறுத்த உத்தரவிடுங்கள், இந்த ஜல்லியை அள்ளச் சொல்லுங்கள். அள்ளும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், மண்வெட்டியோடு ஆள் கூட்டி வருகிறோம். புல் பிடித்த பிறகு பெற்றோரை மறுபடி கூப்பிடுவோம், அன்றைக்கு டாக்டரை மட்டும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரக்பி பழகும் பிள்ளைகளின் பெற்றோர் சார்பாக
(கையொப்பங்கள் தனித் தாளில்)