சளிக்கு விட்டமின் டி பாக்கெட் கேட்டு வருகிறார்கள்: மருந்துக்கடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை நண்பர்களுக்கு,

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், "சளி பிடிக்காம இருக்க விட்டமின் டி பாக்கெட் குடுங்க" என்று வருபவர்கள் கூடிவிடுவார்கள். 60,000 யூனிட் பாக்கெட்டை அதற்காக எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

நோய் எதிர்ப்பில் வைட்டமின் டிக்குப் பங்கு உண்டு. கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் ரத்தத்திலிருந்து அதை எடுத்துச் செயல்வடிவமாக்கி, கேதெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கின்றன. ஆனால் அதனால் சளி, காய்ச்சல் குறைகிறதா? 2017-இல் 25 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தினமும் அல்லது வாரந்தோறும் மிதமான அளவில் எடுத்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்குப் பலன் அதிகம். ஒரே வேளையில் 30,000 யூனிட்டுக்குக் குறையாமல் எடுத்தவர்களுக்குப் பலனில்லை. 2025-இல் 46 ஆய்வுகளாக அந்தத் தொகுப்பு விரிந்தபோது ஒட்டுமொத்தப் பலனே மங்கிவிட்டது. பிரேசிலில் கோவிட் நோயாளிகளுக்கு 2,00,000 யூனிட்டை ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் கிடந்த நாட்கள் குறையவில்லை.

அந்த 60,000 யூனிட் பாக்கெட் வைட்டமின் டி குறைபாட்டுக்கான மருந்து. வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம், மருத்துவர் சீட்டோடு. தப்பு நடப்பது இங்கேதான்: எட்டையும் ஒரே கவரில் போட்டு "பாலில் கலந்து குடிங்க" என்றால், தினம் ஒன்றாகக் குடித்துவிடுகிறார்கள். எட்டு நாளில் 4,80,000 யூனிட். பெரியவர் ஒருவருக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் அளவு நாளுக்கு 600 யூனிட். அதாவது 800 நாளுக்கானது எட்டே நாளில் உள்ளே போகிறது. முடிந்ததும் மறுபடி வாங்க வருகிறாரே, அவர்தான் உண்மையான ஆபத்தில் இருக்கிறார். ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், பிறகு சிறுநீரகப் பாதிப்பு. கொழுப்பில் தங்கும் சத்து என்பதால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் இறங்காது.

ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் பேனாவால் தேதி எழுதுங்கள்: "ஞாயிறு 3", "ஞாயிறு 10". நான்குக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கல், காசநோய் உண்டா, குளோர்தாலிடோன் கலந்த பிரஷர் மாத்திரை, டிகாக்ஸின் என்ற இதய மருந்து, கால்சியம் மாத்திரை ஏதாவது ஓடுகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் பேசாமல் கொடுக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் இன்னும் கவனம் தேவை. ஒரு மில்லிக்கு 400 யூனிட், 800 யூனிட் என இரண்டு வகை வருகின்றன. குழந்தைக்கு நாளுக்கு 400 என்றால், முதல் வகையில் 1 மில்லி, இரண்டாவதில் அரை மில்லி. பாட்டிலை மாற்றிக் கொடுக்கும் நாளில், டிராப்பரில் எந்தக் கோடு வரை என்பதைத் தாயிடம் விரல் வைத்துக் காட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவர்களும் மருந்தியலாளர்களும்