வீட்டுக்கு வேண்டிய ஒரு வேலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அவ்வளவு சோர்ந்து பேசியதால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதிவிட்டால் வேண்டியபோது எடுத்துப் பார்ப்பாய். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். கார் சாகுபடிக்கு அணை திறந்துவிட்டார்கள், பாளையங்கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடுகிறது.

உன்னிடம் ஆலோசனைக்கு வருகிற அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது, யாரும் பேசாதபோதே காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது, ஆனாலும் படுக்கையை விட்டு எழுவதில்லை என்றாய். நீ போட்டுக்கொடுத்த அட்டவணையையும் இரண்டே நாளில் விட்டுவிட்டான். ஆறு மணிக்கு எழுந்து நடை, அப்புறம் யோகா, டைரி எழுதுவது, இங்கிலீஷ் பேப்பர். எம்மா, இதில் ஏதாவது ஒன்றை அவன் செய்யாமல் விட்டால் அந்த வீட்டில் யாருக்காவது குறையுமா? மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வந்த காலமெல்லாம் நான் பார்த்தது இதைத்தான். பொழுதைப் போக்கக் கொடுக்கிற வேலை நாலு நாள்கூட நிலைப்பதில்லை. இவர் செய்தால்தான் ஆகும் என்று வீட்டில் ஒருவர் காத்திருக்கிற வேலை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நிலைக்கிறது.

ஆனால் முதலில் மருந்துச் சீட்டைப் பார். ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் வரவைக்கும் மாத்திரையைப் போடுகிறவனை ஆறு மணிக்கு எழுந்திரு என்றால் எப்படி எழுவான்? அதைக் கொஞ்சம் முன்னால் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேள். நீயாக மாற்றச் சொல்லாதே. எழுகிற நேரம் எட்டு மணியாகவே இருக்கட்டும், தினமும் அதே எட்டாக இருந்தால் போதும். பையன் சிகரெட் பிடிப்பானா என்றும் விசாரி. சிகரெட் புகை ஒலான்சபின், குளோசபின் போன்ற மனநோய் மருந்துகளை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். ஆஸ்பத்திரியில் பிடிக்காமல் இருந்தவன் வீட்டுக்கு வந்து மறுபடி ஆரம்பித்தால் அதே அளவு மருந்து போதாமல் போகலாம். திடீரென்று நிறுத்தினால் அதே மருந்து கூடுதலாகிவிடும். இரண்டுமே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மருந்து சரியாக இருந்தும் அவனால் எதையும் தானாகத் தொடங்க முடியவில்லை என்றால், அதுவும் நோயின் பகுதிதான். குரல் கேட்பதும் சந்தேகமும் அடங்கின பிறகும் இந்த மந்தம் நீண்ட நாள் இருக்கலாம். வீட்டார் இதைத்தான் சோம்பேறித்தனம் என்பார்கள்.

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றுகிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், தெரு எதுவும் வேண்டாம். இங்கே ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவளிடமிருந்து பீடித் தட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். கத்தரிக்கோல் இருக்கிறதே என்ற பயம், அவள் மேல் பரிதாபம், இரண்டும்தான் காரணம். விடிந்து அடைகிற வரைக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பீடி வேலையைக் கவனித்தால் தெரியும், அது ஒரே வேலை இல்லை. இலையை நனைக்க வேண்டும், அளவாக வெட்ட வேண்டும், தூள் வைத்துச் சுற்ற வேண்டும், நூல் கட்ட வேண்டும், முனையை மடக்க வேண்டும், கடைசியில் கட்டுக் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக் கணக்கை யாரும் அவளிடம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முனை மடக்குவதை மட்டும் அவளிடம் கொடுக்கச் சொன்னோம். சுற்றுவது அவள் மைனி, அண்ணன் பெண்டாட்டி. மைனிக்கு அன்றைக்குக் கணக்கு முடிய வேண்டும் அல்லவா, அதனால் காலையில் அவளே வந்து கூப்பிடுவாள்: "வாட்டி, முனை மடக்காம குவிஞ்சு கெடக்கு." எங்களுடைய எந்த ஆலோசனையும் அந்தக் கூப்பாட்டுக்கு ஈடாகவில்லை. அவள் எழுந்து முகம் கழுவித் திண்ணைக்கு வந்தது அதற்காகத்தான்.

நடுவில் விரல்கள் மரத்த மாதிரி விறைப்பாக இருக்கிறது, முனை மடக்க வரவில்லை என்றாள். அது மருந்தின் விளைவு. டாக்டர் மருந்தைச் சரிசெய்தார். அவள் வேலையைக் கையில் எடுத்திராவிட்டால் அந்த விறைப்பு எங்கள் கண்ணில் பட்டே இருக்காது. பிறகு இலை நனைப்பது, சுற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனோம். கத்தரிக்கோல் கடைசியில்தான் வந்தது. சுற்றின பீடியைக் கொடுக்கப் பீடிக் கடைக்குப் போவதுதான் அவளுக்குப் பெரிய மலைப்பு, ஊர்ப் பெண்கள் எல்லாம் அங்கே இருப்பார்கள். யாராவது கேட்டால் சொல்ல ஒரே ஒரு பதிலைப் பழகிக்கொண்டாள்: "உடம்பு சரியில்லாம இருந்தேன், இப்போ பரவாயில்லக்கா." அதற்கு மேல் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. புகையிலைத் தூள் உடம்புக்கு நல்லதென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அவள் கைக்குத் தெரிந்த வேலை, தெருவே சேர்ந்து உட்கார்ந்து செய்கிற வேலை.

வீட்டாரைப் பற்றி நீ ஒன்றுமே சொல்லவில்லை. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களில் அதிகம் பேருக்கு நோய் மறுபடி வந்தது கண்டு ஆச்சரியப்பட்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் காரணம் தெளிவானது. ஓயாமல் குறைசொல்வதும், கடுப்பும், எல்லை மீறிப் பொத்திப்பொத்திக் காப்பதும்தான். நம் ஊரில் இவை ஒரே வீட்டில் இருக்கும். அப்பா "எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்கான்" என்பார், அம்மா "எம்புள்ள ஒண்ணுஞ் செய்ய வேண்டாம்" என்பாள். இருவருமே அவன் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. அப்பாவிடம் அந்த மந்தம் நோயால் வருவது என்று சொல். அம்மாவிடம் அவன் சாப்பிட்ட தட்டை அவனே கழுவட்டும் என்று சொல். இரண்டாவதுதான் கஷ்டம், பார்த்துக்கொள்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள் உன்னிடம் வரும்போது, டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களை மிகுந்த ஜாக்கிரதையாகப் பார். ஆபத்து அதிகமான நாட்கள் அவைதான். இங்கே வாழை போடுகிற வீடுகளில் நாங்கள் முதலில் செய்யச் சொல்வது, பூச்சி மருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துவதைத்தான். மாத்திரையும் ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் வீட்டில் ஒருவர் கையில் வைத்துக் கொடுக்கட்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கிறவர்களிடம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவைச் சொல். தற்கொலை முயற்சியைக் கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அது.

மனம் ஒரு சமயம் எல்லை மீறி எகிறி, இன்னொரு சமயம் அடியோடு சோர்ந்துபோகிற இருதுருவ நோய் உள்ளவர்களுக்குத் தூக்கம்தான் எல்லாம். ஒரு ராத்திரி விழித்தால்கூடச் சிலருக்கு மனம் எகிறத் தொடங்கிவிடும். இங்கே கோயில் கொடைத் திருவிழா வந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். விடிய விடிய வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும், தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கரும். கோயிலுக்குப் போகாதே என்றால் கேட்பார்களா? கேட்கவும் கூடாது, அது அவர்களுடைய சாமி. பத்து மணி வரை இருந்துவிட்டு அடுத்த ஊரில் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தூங்க முன்கூட்டியே ஏற்பாடு செய்வோம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரானால் ராத்திரி முறையைத் தம்பி பார்த்துக்கொள்வார், பகல் முறையை இவர். இந்த நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் வெயில் காலத்தில் தண்ணீரையும் உப்பையும் குறைக்காதீர்கள் என்று சொல். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. உடம்புவலிக்கு மெடிக்கலில் தாங்களாக மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது.

சரி, வியாழக்கிழமை அந்தப் பையன் வருகிறான் என்றாய். அட்டவணையை எடுத்து ஓரமாக வை. அவனிடம் கேட்டுக்கொண்டு, அவன் அம்மாவையும் உள்ளே கூப்பிடு. நோய்க்கு முன்னால் வீட்டில் அவன் பொறுப்பு என்னவாக இருந்தது என்று கேள். தண்ணீர் கேன் தூக்குவதா, தங்கச்சியை டியூஷனில் விடுவதா, ராத்திரி கேட்டைப் பூட்டுவதா? அதில் பத்து நிமிஷத்தில் முடிகிற ஒன்றை அவனே சொல்லட்டும். அவன் செய்யும்வரை வீட்டார் அதைத் தொடக் கூடாது. இன்னொன்று, போன தடவை நோய் கூடுவதற்கு முன்னால் என்னென்ன மாறியது என்பதை அவன் வாயாலேயே கேட்டு எழுதி, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல். அதில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், அரசின் மனநல உதவி எண், இருக்கட்டும். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அவன் எதைச் சொன்னான் என்று எனக்கு எழுது, பெயர் மட்டும் வேண்டாம். நீ மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறாயாம், அம்மா வருத்தப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்போம்.

அன்புடன்,
அப்பா
பாளையங்கோட்டை