ரோம் நகரில் எங்கள் இளைஞர் குழுவின் முதல் நாட்கள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: இளைஞர் குழுப் பொறுப்பாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு, சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனம்

பொருள்: இத்தாலிப் பயணத்தின் தொடக்க நாட்களில் நேர்ந்த குளறுபடிகள், வாங்காத டிக்கெட்டுகளுக்கு வசூலித்த பணம் தொடர்பாக

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஜூலை மாதம் உங்கள் நிறுவனத்தின் ஏற்பாட்டில் இத்தாலி சென்றுவந்த இளைஞர் குழுவின் பொறுப்பாளர் நான். என் மின்னஞ்சலுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. "சிறு அசௌகரியங்களுக்கு" வருந்துவதாக எழுதி, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தள்ளுபடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நடந்தவை எதுவும் சிறியவை அல்ல, அசௌகரியம் என்ற வகையிலும் சேராதவை. உங்கள் மேலிடத்தில் உள்ளவர்கள் முழுவதையும் படிக்க வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் பதினாறு முதல் இருபத்திரண்டு வயது வரை உள்ள 24 பேர் இருந்தார்கள். பெரியவர்கள் நானும் இன்னோர் ஆசிரியரும் மட்டுமே. பாதிப் பேருக்கு மேல் புறப்பட்ட அன்றுதான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தார்கள். இளைஞர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்ற எவருக்கும் இது தெரியும்: முதல் ஓரிரு நாட்களில் யார் யாருடன் சேர்ந்து நடக்கிறார்கள், யார் ஓரமாக ஒதுங்குகிறார்கள் என்பது பிடிபட்டுவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. அதனால்தான் குறைந்த விலை சொன்ன நிறுவனங்களை விட்டுவிட்டு உங்களிடம் வந்தோம். ரோமில் இருக்கும் நாட்களில் குழு ஒரே வண்டியில் போகும், ஒரே விடுதியில் தங்கும், எல்லா இடங்களையும் சேர்ந்தே பார்க்கும் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி எழுத்திலேயே கொடுத்தார். நாங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் அந்த ஒரு வாக்குறுதிக்கானது.

வெள்ளிக்கிழமை இரவில் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கினோம். குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டிகள் கைக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வெளியே எங்கள் பெயர்ப்பலகையோடு யாரும் இல்லை. நாங்கள் விமானத்தில் இருந்த நேரத்தில் நீங்கள் அனுப்பிய வவுச்சரைத் திறந்து பார்த்தால், பேருந்து வந்து நிற்க வேண்டிய இடம் சாம்பினோ விமான நிலையம் என்று இருந்தது. ஃபியூமிச்சினோ ரோமுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் இருக்கிறது. சாம்பினோ நகரின் தென்கிழக்கே. விமான டிக்கெட் எடுத்ததும் நீங்கள், பேருந்து சொன்னதும் நீங்கள். ஓட்டுநர் ஒரு மணி நேரம் காத்திருந்தும் குழு வரவில்லை என்று உங்கள் பதிலில் எங்கள் மீதே பழியைப் போட்டிருக்கிறீர்கள். காத்திருந்திருப்பார், சந்தேகமே இல்லை. சாம்பினோவில்.

உங்கள் "24 மணி நேர உதவி எண்" அலுவலக நேரத்தில் அழைக்கும்படி பதிவுக் குரலில் சொன்னது. விமான நிலையத்திலிருந்து ரோமின் மைய ரயில் நிலையமான தெர்மினிக்கு 32 நிமிடங்களில் சேர்க்கும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் அன்றைக்கு முடிந்துவிட்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஏழு டாக்ஸிகள் பிடித்தோம். ஏழு டாக்ஸிகளுக்கு இரண்டு பெரியவர்கள். மீதி ஐந்து வண்டிகளில், மொழி தெரியாத ஊரில், நள்ளிரவில், பிள்ளைகள் தனியாகப் போனார்கள். ஃபியூமிச்சினோவிலிருந்து ரோமின் பழைய மதிலுக்குள் டாக்ஸிக் கட்டணம் மாநகராட்சி நிர்ணயித்தது என்பதால் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. அது அந்த நகரத்தின் நல்ல நிர்வாகம். உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

தெர்மினி அருகே ஒரே விடுதி என்று சொன்னீர்கள் அல்லவா? அங்கே எங்களுக்கு 14 படுக்கைகள்தான் பதிவாகியிருந்தன. மற்ற 12 பேருக்கு ஆற்றுக்கு அப்பால் திராஸ்தேவெரேயில் இடமாம். அதுவும் அங்கே போன பிறகு வரவேற்பு மேசைக்காரர் சொல்லித்தான் தெரியும். இத்தாலியில் தங்கும் விருந்தினர் ஒவ்வொருவரின் விவரத்தையும் விடுதிகள் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். பெயர்ப் பட்டியலையும் பாஸ்போர்ட் விவரங்களையும் ஒரு மாதத்துக்கு முன்பே உங்களுக்கு அனுப்பியிருந்தோம். நீங்கள் அதை விடுதிக்கு அனுப்பவில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகத் திறந்து, ஒற்றை விரலால் தட்டச்சு செய்தார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கியே போனான். அவனை உலுக்கி எழுப்பி, "உனக்கு இடம் இங்கே இல்லையப்பா" என்று சொல்லி மறுபடியும் டாக்ஸியில் ஏற்றியது நான்தான். நகராட்சி தங்கல் வரியையும் தலைக்கு இவ்வளவு என்று எங்களிடமே வாங்கினார்கள். உங்கள் விளம்பரத் தாளிலோ எல்லா வரிகளும் உட்பட என்று போட்டிருக்கிறது.

இதையெல்லாம் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். கொலோசியத்தில் நடந்ததை அப்படி விட முடியாது.

கொலோசியத்துக்குச் சாதாரண டிக்கெட் 18 யூரோ. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டவரானாலும், இலவசம். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு 2 யூரோ சலுகை டிக்கெட் உண்டு. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. எங்கள் குழுவில் பதினெட்டு நிரம்பாதவர்கள் 9 பேர், அதற்கு மேற்பட்டவர்கள் 15 பேர், பிறகு நாங்கள் இருவர். உங்கள் பில்லில் 26 பேருக்கும் 18 யூரோ வீதம் 468 யூரோ போட்டிருக்கிறீர்கள். நீங்கள் எங்கள் கையில் கொடுத்தவையோ 9 இலவச டிக்கெட்டுகள், 15 சலுகை டிக்கெட்டுகள், 2 முழு டிக்கெட்டுகள். அவற்றில் அச்சிட்ட விலையைக் கூட்டினால் 66 யூரோ. மீதி 402 யூரோ எங்கே?

அங்கே 2023 முதல் டிக்கெட்டில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும். வாயிலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வாயிலில் இருந்த இளம்பெண் முதல் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், சலுகை என்று இருந்த வரியில் நகத்தை வைத்து எங்களுக்குக் காட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தினமும் பார்க்கிற சங்கதி போலும். வித்தியாசத் தொகையை இப்போதே கட்டுகிறோம் என்றோம். அன்றைய டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன என்றார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, நாம் பொய் டிக்கெட்டோடு வந்ததாக நினைக்கிறார்களா?" என்று ஒரு பெண் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்கள் வாடிக்கையாளர் பிரிவில் யாராவது எழுதி அனுப்பினால் தெரிந்துகொள்வேன்.

ஆசிரியர் 9 பேரோடு உள்ளே போனார். நான் 15 பேரோடு கான்ஸ்டன்டைன் வளைவுக்குப் பக்கத்தில் கிடைத்த நிழலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். வெளியே இருந்தவர்களிடம் பேச எதுவும் இல்லை. அன்றிரவு சாப்பிடும்போது சிறியவர்கள் ஒரு மேசை, பெரியவர்கள் ஒரு மேசை என்று ஆகிவிட்டது. அந்தப் பிரிவு ஃபுளோரன்சுக்கு ரயில் ஏறும்போதும் அப்படியேதான் இருந்தது. இதற்கு எந்த ரசீதும் என்னிடம் இல்லை. ஆனால் நீங்கள் எங்களுக்குச் செய்த கேடுகளில் இதுவே பெரிது என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்கள் வைத்திருந்தது வாத்திக்கான் அருங்காட்சியகம். அது ஞாயிறுகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. நாங்கள் போனது இரண்டாவது ஞாயிறு. ஓவியம் படிக்கும் மாணவி ஒருத்தி, 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தைப் பகுதி பகுதியாகத் தன் நோட்டில் நகல் எடுத்து வைத்திருந்தாள். அங்கே போட்டோ எடுக்கத் தடை என்பதால், நேரில் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தாள். அவள் பார்த்தது மூடிய வாயிலையும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மைக்கேலாஞ்சலோ, ரஃபேல் சிலைகளையும்தான். தொலைபேசியில் ஒருவழியாகக் கிடைத்த உங்கள் அலுவலர், பதிலாகப் புனித பேதுரு பேராலயத்தைப் பாருங்கள், அதற்குத் தனிக்கட்டணம் கேட்க மாட்டோம் என்று பெருந்தன்மையோடு சொன்னார். பேராலயத்துக்குள் போக யாருக்குமே கட்டணம் கிடையாது. கூடவே, தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாமல் அங்கே விடமாட்டார்கள். "வசதியான கோடை உடை" போதும் என்று உங்கள் குறிப்பில் இருந்ததை நம்பி வந்த பிள்ளைகளில் சிலர் அந்தச் சதுக்கத்து வெயிலிலேயே நின்றார்கள்.

திங்கட்கிழமை போர்கேசே காட்சியகம். திங்களன்று அதற்கு விடுமுறை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். போர்கேசேயில் இரண்டு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கி, முன்பதிவின் பேரில்தான் உள்ளே விடுகிறார்கள். விடுமுறை நாளுக்கு முன்பதிவு செய்ய யாராலும் முடியாது. வாத்திக்கானின் அந்த ஞாயிறுக்கும் அப்படித்தான். ஆனால் உங்கள் பில்லில் இரண்டு இடங்களுக்கும் நேரே "முன்பதிவு உறுதி" என்று எழுதி, நுழைவுக் கட்டணத்தோடு முன்பதிவுக் கட்டணமும் வாங்கியிருக்கிறீர்கள். பதிவே செய்யாமல் பணம் வாங்கினீர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருந்தால், முன்பதிவு எண்ணோடு எனக்கு அனுப்புங்கள்.

நான் கேட்பவை இவை. கொலோசியம் டிக்கெட்டில் மிகுதியாக வாங்கிய 402 யூரோவையும், உள்ளே போக முடியாத 15 பேருக்கான சலுகை டிக்கெட்டின் 30 யூரோவையும் திருப்பித் தர வேண்டும். வாத்திக்கான், போர்கேசே இரண்டுக்கும் வாங்கிய தொகையை முழுமையாகத் தர வேண்டும். அன்றிரவு பிடித்த டாக்ஸிகள், நாங்கள் செலுத்திய தங்கல் வரி ஆகியவற்றின் தொகையையும் நீங்களே ஏற்க வேண்டும். குழு ஒன்றாக இருக்கும் என்று சொல்லி வாங்கிய கூடுதல் கட்டணமும் திரும்ப வேண்டும். ரசீதுகள், டிக்கெட்டுகள், வவுச்சர், உங்கள் பிரதிநிதியின் கடிதம் எல்லாவற்றின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பணமோ எழுத்துப்பூர்வமான பதிலோ வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் இதே நகல்களோடு மனுக் கொடுப்போம். தள்ளுபடிக் கூப்பனைப் பதிலாகக் கருத மாட்டோம்.

கடைசியாக ஒன்று. ரோம் தெருக்களில் குடிநீர் எந்நேரமும் ஓடும் இரும்புக் குழாய்கள் உண்டு. குழாய் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு எழும். அந்த வித்தையை வழியில் போன பாட்டி ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தார். ரோமில் 24 பேரும் ஒன்றாகச் சிரித்தது அந்தக் கால் மணி நேரம்தான். அப்போது எடுத்து, உங்கள் பிரதிநிதி இருந்த பயணக் குழு உரையாடலில் பகிர்ந்த போட்டோவை இப்போது உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் முகங்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. பெற்றோர் யாரிடமும் நீங்கள் ஒப்புதல் கேட்கவில்லை. இதற்கு 15 நாள் அவகாசம் கிடையாது. கடிதம் கிடைத்த அன்றே அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இளைஞர் குழுப் பொறுப்பாளர்