அந்த ஒரு தாளுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கடைசி அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. புரோட்டான் சிகிச்சைக்கு, அதாவது புற்றுநோய்க் கட்டிக்குப் புரோட்டான் துகள்களால் கொடுக்கும் கதிர்வீச்சுக்கு, இன்சூரன்ஸ் கேட்டு, மறுக்கப்பட்டு, அப்பீல் போட்டு நாங்கள் எத்தனை வாரம் அலைந்தோம் என்பது இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் ஒரு தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதைத் தயாரித்தவர் சிகிச்சைத் திட்டமிடும் அறையில் வேலை பார்க்கும் டோசிமெட்ரிஸ்ட் அக்கா. பெயரைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார். நோயாளிகள் அவரை நேரில் பார்ப்பதே அபூர்வம். டாக்டர் ஸ்கேனில் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்ததும், எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் போக வேண்டும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. அப்பீலுக்குத் தாள் தயாரிப்பது அவர் வேலை இல்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவது மறுப்பு வந்த செய்தி காதில் விழுந்ததும், மாலையில் கணினி காலியான பிறகு தானாக உட்கார்ந்து செய்து கொடுத்தார்.

புரோட்டானையும் வழக்கமான எக்ஸ்ரே கதிர்வீச்சையும் ஒப்பிடும் பிளான் எங்கள் அப்பீலில் ஏற்கெனவே இருந்தது. இருந்தும் தோற்றோம். ஏன் என்று அவர்தான் கண்டுபிடித்தார். இரண்டு படங்களிலும் நிறம் தொடங்கும் அளவு வேறு வேறாக இருந்தது. எக்ஸ்ரே பிளானில் 2 கிரே (உடம்பு வாங்கும் கதிரின் அளவு, அதாவது டோஸின் அலகு) முதலே நிறம். புரோட்டான் பிளானில் 20 கிரேக்கு மேல் போனால்தான் நிறம். பார்த்தால் நமக்குச் சாதகமாகத்தான் தெரியும். ஆனால் எதிர்த்தரப்பில் படிப்பவரும் ரேடியேஷன் டாக்டராக இருந்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். அதற்குப் பிறகு மீதிப் பக்கங்களை அவர் எப்படி நம்புவார்? அடுத்த கோளாறு, இதயத்தின் எல்லைக்கோடு. ஒவ்வொரு பிளானிலும் ஒவ்வொருவர் வரைந்திருந்தார்கள். கோடு சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே சராசரி டோஸ் மாறிவிடும்.

மூன்றாவதுதான் பெரிது. எக்ஸ்ரே பிளானைச் சாதாரண மூச்சில் எடுத்த ஸ்கேனில் போட்டிருந்தார்கள். மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரிந்து இதயம் விலகும். எக்ஸ்ரேயிலேயே இதயத்துக்குப் போகும் டோஸ் குறையும். "அப்படிச் செய்தால் போதாதா?" என்று இன்சூரன்ஸ் டாக்டர் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. அதனால் அக்கா, டாக்டரிடம் சொல்லி மூச்சை நிறுத்தி இன்னொரு ஸ்கேன் எடுக்க வைத்தார். எக்ஸ்ரேயில் எட்டக்கூடிய மிக நல்ல பிளான் எதுவோ அதைப் போட்டு, அதோடுதான் புரோட்டானை ஒப்பிட்டார். வித்தியாசம் முன்பு காட்டியதைவிடச் சிறியதாக வந்தது. ஆனால் அந்தச் சிறிய வித்தியாசத்தை யாராலும் அசைக்க முடியவில்லை.

எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. மேலே ஒரே நிற அளவில் இரண்டு படங்கள். நடுவில் ஒரே வரைபடம்: கிடைக்கோட்டில் டோஸ் கிரே கணக்கில், நிலைக்கோட்டில் உறுப்பின் எத்தனை சதவீதம் என்ற அளவு, எக்ஸ்ரேக்கு முழுக்கோடு, புரோட்டானுக்குப் புள்ளிக்கோடு. கீழே இதயம், நுரையீரல், உணவுக்குழாய், தண்டுவடம், தோல் என்று ஐந்து வரிசை. அந்தத் தோல் வரிசையில் புரோட்டான்தான் மோசம். எக்ஸ்ரே தோலைக் கொஞ்சம் விட்டுவைத்து உள்ளே போய்த்தான் உச்சத்தைத் தொடும். புரோட்டானுக்கு அந்தக் குணம் குறைவு, தோல் அதிகம் சிவக்கலாம். "இதை எடுத்துவிடலாமே அக்கா" என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, "அதை எடுத்தா மேல இருக்கற நாலையும் நம்ப மாட்டாங்கம்மா" என்றார். இன்சூரன்ஸ் டாக்டர் எங்கள் டாக்டரோடு போனில் பேசியபோது முதலில் குறிப்பிட்டது அந்த வரிசையைத்தானாம். அதன் பிறகு பேச்சின் தொனியே மாறியது என்று டாக்டர் சொன்னார்.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்று உண்டு. புரோட்டான் இன்னும் "பரிசோதனை நிலை" என்று இன்சூரன்ஸ் மறுத்தபோது நாங்கள் வரலாற்றைக் கொட்டினோம். புரோட்டானைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-லேயே எழுதினார், 1954-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள், 1990-ல் அங்கேயே லோமா லிண்டா என்ற ஊரில் மருத்துவமனைக்குள்ளேயே இயந்திரம் வந்தது என்றெல்லாம். அத்தனையும் உண்மை. ஆனால் பழைய சிகிச்சை என்பதால் அது இந்த நோயாளிக்குத் தேவை என்று ஆகிவிடாது. புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும், எக்ஸ்ரே மறுபக்கம் வரை போகும். அந்த வித்தியாசத்தால் இந்த உடம்பில் எந்த உறுப்பு எவ்வளவு தப்பிக்கிறது என்பதுதான் கேள்வி. நெதர்லாந்தில் பல புற்றுநோய்களுக்கு இப்படி இரண்டு பிளானும் போட்டுப் பார்த்துத்தான் யாருக்குப் புரோட்டான் என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

டாக்டர் அப்பீலில் இருந்த நாற்பது ஆய்வுக்கட்டுரைகளை நீக்கிவிட்டு மூன்றை மட்டும் இணைத்தார். அதில் ஒன்று 2013-ல் வந்தது. மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 2168 பெண்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு. இதயத்துக்குப் போகும் சராசரி டோஸ் ஒவ்வொரு கிரே கூடும்போதும் பெரிய இதயப் பாதிப்பின் வீதம் 7.4 சதவீதம் கூடுகிறது என்றது. அக்காவின் தாளில் இருந்த கிரே கணக்குக்கு அர்த்தம் கொடுத்தது அந்த ஒரு வரிதான்.

இனி மற்றவர்கள். மறுப்புக் கடிதம் சுட்டிய விதியின் முழு வாசகத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அது கிடைத்த பிறகுதான் டாக்டரால் வரிக்கு வரி பதில் எழுத முடிந்தது. ஒவ்வொரு போனுக்கும் தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் என்று நோட்டில் குறித்து வைத்த தங்கைகளுக்கும், அப்பீலுக்கான கெடு, மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓடுகிறது, நம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல என்று எச்சரித்தவருக்கும் நன்றி. எங்களில் இன்னொருவருக்கு மூளையிலேயே தோன்றிய கட்டிக்கு C71 என்ற நோய்க் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில், வேறிடத்திலிருந்து பரவியதற்கான C79.3 விழுந்திருந்ததைக் கண்டுபிடித்த ரெக்கார்ட் அறைத் தம்பிக்குத் தனியாக ஒரு வணக்கம். அந்தக் குறியீடு திருத்தப்படாமல் இருந்திருந்தால் எத்தனை அப்பீல் போட்டாலும் அதே பதில்தான் வந்திருக்கும். முன்பு கதிர்வீச்சு எடுத்தவர்களின் பழைய பிளான்களை அச்சுத்தாளாக இல்லாமல், கணினியில் திறக்கக்கூடிய டைகாம் கோப்புகளாகவே தேடிக் கொடுத்தவர்களையும் மறக்க மாட்டோம். அவை இல்லாமல் பழைய டோஸையும் புதிய டோஸையும் கூட்டிப் பார்க்கவே வழியில்லை.

அக்காவின் அனுமதியோடு அந்தத் தாளின் வெற்று வடிவத்தை எடுத்து வைத்திருக்கிறோம். யாருக்கு மறுப்புக் கடிதம் வந்தாலும் கொடுப்போம். உங்கள் டாக்டரிடமும் திட்டமிடும் அறையிலும் காட்டுங்கள். உங்கள் கட்டி இருக்கும் இடத்துக்கு ஏற்ப உறுப்புகளின் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். புரோட்டான் பின்தங்கும் வரிசை ஒன்று கட்டாயம் அதில் இருக்கட்டும். நிரப்பிப் பார்த்ததில் வித்தியாசம் பெரிதாக இல்லை என்று தெரிந்தால், அதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்வோம். இது அக்காவுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு.

நன்றியுடன்,
அனுமதி கிடைத்தவர்களும் குடும்பத்தாரும்