அந்த ஒற்றைச் செருப்புக்கு மதிப்பெண் போடுங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கும், விடைக்குறிப்பு தயாரிக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஒரு படத்தைக் கொடுத்து 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று கேட்கும் ஐந்து மதிப்பெண் வினாவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டுரைக்குக் குறிப்பு கொடுத்துவிடுகிறார்கள். கடிதத்துக்கு அமைப்பு இருக்கிறது. பிள்ளை தன் கண்ணை நம்பி எழுத வேண்டிய இடம் இதுதான். அதற்கும் மனப்பாட வரிகள் வந்துவிட்டன. எந்தப் படத்துக்கும் பொருந்துகிற பத்து வரி.

என் மகளுக்கு அரையாண்டுத் தேர்வில் மழைப் படம் வந்தது. ஒரு சிறுமி குடை பிடித்து நிற்கிறாள். அவள் காலில் ஒற்றைச் செருப்புதான் இருப்பதை இவள் கவனித்திருக்கிறாள். 'இன்னொன்று சேற்றில் மாட்டியிருக்கும், வீட்டில் திட்டு விழும் என்றுதான் வாசலில் தயங்கி நிற்கிறாள்' என்று எழுதியிருந்தாள். செருப்பு என்ற சொல்லின் மேலேயே சிவப்பு மை கோடு. ஓரத்தில், 'சொந்தமாக எழுதாதே.' மதிப்பெண் ஒன்றரை. பத்து வரியை ஒப்பித்து எழுதிய பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு ஐந்து. காலாண்டில் பேருந்து நிறுத்தப் படத்துக்கும் அவள் அதையேதான் எழுதினாளாம். அப்போதும் ஐந்து.

பள்ளிக்குப் போய்க் கேட்டேன். "பொதுத்தேர்வில் பேப்பர் யார் கைக்குப் போகும்னு தெரியாதும்மா. மனப்பாடம்னா மார்க் நிச்சயம். பிள்ளை நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் ஆசிரியை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். ஆனால், பார்த்ததை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று ஒரு தமிழாசிரியை பயப்படும் நிலை எப்படி வந்தது? இதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

2019இல் வந்த புதிய பாடநூலில் 'மொழியோடு விளையாடு' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆசையாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் அந்தப் பக்கத்துக்கு நேரமில்லை. நோட்ஸ் எழுதவும் ஒப்பிக்கவும் தேர்வு வைக்கவுமே பாடவேளை சரியாகப் போகிறது. கேள்வி கேட்கிற பிள்ளையை 'அதிகப்பிரசங்கி' என்று உட்கார வைத்துவிட்டு, கல்லூரிக்குப் போனதும் சுயமாக யோசிக்கத் தெரியவில்லை என்று அவர்களையே குறை சொல்கிறோம். மனசு ஆறவில்லை.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். படத்தைப் பார்த்துச் சொந்தமாக எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் தரலாம் என்று விடைக்குறிப்பில் பளிச்சென்று ஒரு வரி போடுங்கள். படத்தில் உள்ள ஒன்றைக்கூடத் தொடாத விடைக்கு ஐந்து கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரியைத் தேர்வுக்கு முன்பே எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவையுங்கள். ஆசிரியர்களின் பயமும் போகும்.

என் மகள் இப்போது மொட்டை மாடியில் நடந்துகொண்டே அந்தப் பத்து வரியை உருப்போடுகிறாள். போன வாரத் திருப்புதல் தேர்வில் ஐந்துக்கு ஐந்து. அந்தத் தாளை அவள் என்னிடம் காட்டவில்லை, பையில் நான்தான் பார்த்தேன். பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தயவுசெய்து அதற்குள் அந்த ஒரு வரியைப் போட்டுவிடுங்கள்.

பணிவுடன்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா