அக்காவின் மூன்று வருடக் கணக்கு: அவுஸ்திரேலிய மருத்துவச் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவச் சபைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மத்திய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த புதன்கிழமை என் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஊர்ப்புறத்துப் பொது வைத்தியசாலை ஒன்றில் கனிஷ்ட வைத்தியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். பதில் நான்கே வரி. அண்மைக்கால மருத்துவ அனுபவம் போதாது என்று எழுதியிருந்தார்கள். அக்கா வாசித்துவிட்டு ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு இரவு வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகுதான் நான் எடுத்து வாசித்தேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததும் அன்றிரவுதான்.

அக்கா யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்தவர். வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையில் ஒன்பது வருடம் வைத்தியராக இருந்தவர். வயல்வேலைக் காலத்தில் இரவிரவாகப் பாம்பு கடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடித்தது என்ன பாம்பு என்று பெரும்பாலும் கொண்டு வந்தவர்களுக்கே தெரியாது. கொஞ்சம் இரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சரித்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த 20 நிமிடமும் வெளியே நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் பதில் சொன்னவர் என் அக்கா. இன்றைக்கு மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறார். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அக்காவும் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை.

விதிகளை உங்களுக்கு விளக்குவது என் நோக்கம் இல்லை. எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றில் ஒன்று ஒரு மனிசியின் வாழ்க்கையில் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு வைத்தியர் தொழிலோடு தொடர்பு விடாமல் இருக்க வேண்டும் என்கிறது உங்கள் விதி. ஒரு வருடத்தில் 152 மணித்தியாலம், அல்லது மூன்று வருடத்தில் 456 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், தொழிலுக்குத் திரும்புவதற்கு ஒரு திட்டம் எழுதி உங்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். விதி நியாயமானது. கை விட்டுப்போன வைத்தியரிடம் என் பிள்ளையை நானும் கொண்டுபோக மாட்டேன்.

ஆனால் இந்த மூன்று வருடத்துக்குள் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று பாருங்கள். பட்டச் சான்றிதழை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று யாழ்ப்பாணத்திடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அதற்கே மாதக்கணக்கு. பிறகு ஏஎம்சி, அதாவது வெளிநாட்டில் படித்த வைத்தியர்களுக்குப் பரீட்சை வைக்கும் அவுஸ்திரேலிய மருத்துவக் கவுன்சில், நடத்தும் முதலாம் பரீட்சை, மூன்றரை மணித்தியாலம், 150 கேள்வி. அக்கா பகலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்து, இரவில் படித்து, முதல் தடவையிலேயே சித்தியடைந்தார். இவற்றுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் டொலர் போனது. பரவாயில்லை, தேடிக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் சுவர். மட்டுப்படுத்திய பதிவு, அதாவது மேற்பார்வையின் கீழ் மட்டும் வைத்தியராக வேலை செய்ய விடும் பதிவு, வேண்டுமென்றால் முதலில் ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். வேலை கேட்டுப் போனால் பதிவு இருக்கிறதா, இந்த நாட்டு அனுபவம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அக்கா 112 விண்ணப்பம் போட்டார். பதில் வந்தது ஒன்பதுக்கு. அந்த ஒன்பதும் மறுப்பு.

எங்கள் வீட்டில் ஒரு மலிபன் பிஸ்கட் டின் இருக்கிறது. அம்மா முன்பு நூலும் ஊசியும் போட்டு வைத்தது. இப்போது அதற்குள் அக்காவின் தாள்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் துண்டு ஒட்டி, காலாவதியாகும் திகதியைத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். இலங்கை மருத்துவச் சபை தரும் நன்னடத்தைச் சான்றிதழ் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடத்துக்கு. ஒரு தாள் கொழும்பிலிருந்து வந்து சேரும்போது இன்னொரு தாளின் நாள் முடிந்திருக்கும். ஆங்கிலப் பரீட்சையை இரண்டாம் முறையும் எழுதினார். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்த ஒருவர் அது. டின்னின் அடியில் உள்ள தாளில் மட்டும் மஞ்சள் துண்டு இல்லை. வன்னி வைத்தியசாலை கொடுத்த சேவைச் சான்றிதழ். அதில் கடைசி வேலைநாள் போட்டிருக்கிறது. அன்றிலிருந்து எண்ணினால் கடந்த மாதத்தோடு மூன்று வருடம்.

அதனால்தான் அந்த நான்கு வரி மின்னஞ்சல் எங்களுக்கு அவ்வளவு வலித்தது. மூன்று வருடமாகக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவரிடம், மூன்று வருடமாக வெளியே நின்றுவிட்டாய் என்று சொல்கிறீர்கள். இனி அவர் எழுத வேண்டிய திட்டத்தில் எந்த இடத்தில், யாருடைய மேற்பார்வையில் என்று எழுத வேண்டும். அந்த இடம் கிடைக்காததால்தானே இடைவெளி விழுந்தது?

எங்கள் கோரிக்கை இதுதான். முதலாம் பரீட்சையில் சித்தியடைந்த வைத்தியர்களுக்கு, மேற்பார்வையின் கீழ், சம்பளத்தோடு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வேலை செய்ய இடம் ஒதுக்குங்கள். அந்த இடம் கிடைக்கும் வரை மூன்று வருடக் கணக்கை எண்ணாமல் நிறுத்தி வையுங்கள்.

பார்வையாளராகப் போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அக்கா போனார், ஆறு கிழமை. சில இடங்களில் அதற்கும் கட்டணம் கட்ட வேண்டும். வைத்தியருக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், நோயாளியைத் தொடக்கூடாது. ஒன்பது வருடம் தொட்டுப் பார்த்த கை.

இந்த வைகாசியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்கா வேலை செய்யும் இல்லத்தில் வடமராட்சிப் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார். மறதி நோய் கூடக்கூட அவருக்கு ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. இப்போது தமிழ் மட்டும்தான். அன்று விடியப்புறம் அக்கா அவருக்குச் சட்டை மாற்றும்போது, "பிள்ளை, நெஞ்சுக்குள்ள கல்லு வைச்ச மாதிரி இருக்கு" என்றாராம். உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அக்கா மணிக்கட்டில் நாடி பார்த்துவிட்டார். பழக்கம். உடனே தாதியிடம் ஓடிப்போய் ஈசிஜி எடுக்க வேண்டும், அம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்று சொன்னார். அந்தத் தாதிக்கு அக்கா யார் என்று தெரியும். கேட்டார். உடனே கூப்பிட்டார். அம்மா பிழைத்துக்கொண்டார். பதிவுப் புத்தகத்தில் அக்கா எழுதியது: "அசௌகரியமாக இருப்பதாகச் சொன்னார். தாதிக்கு அறிவித்தேன்." அதற்கு மேல் எழுத ஒரு பராமரிப்பாளருக்கு உரிமை இல்லை. அன்று அக்காவைத் தெரியாத ஒரு தாதி கடமையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2024 ஒக்டோபரிலிருந்து பிரித்தானியா, அயர்லாந்து, நியூசிலாந்து பொது வைத்தியர்களுக்கு விரைவுப் பாதை திறந்திருக்கிறீர்கள். வரட்டும், நல்லது, அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இலங்கையில் விசேட வைத்தியராகப் பயிற்சி பெறுபவர்கள் அதன் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடிக்க வேண்டும். அவர்களில் பலர் வருவது உங்கள் வைத்தியசாலைகளுக்குத்தான். அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று உங்கள் பெரிய வைத்தியர்களே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். அதே பீடங்களில் படித்தவர் இங்கே குடியேறி வந்தால் மட்டும் ஏன் இப்படி அந்நியமாகிப் போகிறார்?

1997 முதல் இன்னொரு சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டில் படித்த வைத்தியர்கள் பொதுவாகப் பத்து வருடம் வைத்தியர் பற்றாக்குறையான இடங்களில் வேலை செய்தால்தான், அவர்கள் பார்க்கும் நோயாளிகளுக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கெயார் கொடுப்பனவு. சரி, போகிறோம். டப்போவுக்கும் போவார், புரோக்கன் ஹில்லுக்கும் போவார். வன்னியில் இருந்தவருக்குத் தூரமும் வெயிலும் புதிதில்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அந்த ஊர்கள் கேட்கின்றன. போகத் தயாராக இருக்கும் ஆள் வென்ற்வேர்த்வில்லில் பஸ்ஸுக்கு நிற்கிறார். இலங்கை ஒரு கடன்பட்ட நாடு. அது தன் இலவசக் கல்வியில் படிக்க வைத்து அனுப்பிய வைத்தியர் இவர். அந்த ஊர்ச் சனமும் அவரை இழந்துவிட்டது, இந்த ஊர்ச் சனத்துக்கும் அவர் பயன்படவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

வெளிநாட்டில் படித்த சுகாதாரப் பணியாளர்களைப் பதிவு செய்யும் முறை பற்றி, அரசே கேட்டு, ரொபின் க்ரக் அம்மையார் தலைமையில் நடந்த மீளாய்வின் இறுதி அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது. இந்த நடைமுறை நீண்டது, சிக்கலானது, செலவானது என்று எங்களைப் போன்றவர்கள் வருடக்கணக்காகச் சொல்லி வந்தது அதில் எழுத்தில் வந்தது. அதைச் சரி செய்ய ஏதோ தொடங்கியிருக்கிறீர்கள் என்பதையும் மறுக்கவில்லை. தரத்தைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. இரண்டாம் பரீட்சை இருக்கட்டும், பன்னிரண்டு மாத மேற்பார்வை இருக்கட்டும், இன்னும் ஒரு சோதனை வைத்தாலும் அக்கா எழுதுவார். மேற்பார்வையில் வேலை செய்ய ஓர் இடம் தாருங்கள். அதுவரை அந்த மூன்று வருடக் கணக்கை நிறுத்தி வையுங்கள்.

அக்காவின் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு வரும் கார்த்திகையோடு காலாவதியாகிறது. மஞ்சள் துண்டில் எழுதியிருக்கிறது. மூன்றாம் தடவை எழுதக் காசு கட்டுவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதற்கு முன் உங்களிடமிருந்து ஒரு பதில் வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

நன்றியுடன்,
ஒரு வைத்தியரின் தங்கை
வென்ற்வேர்த்வில், மேற்கு சிட்னி